பாடம் செய்த மீன் தரும் பாடம்

மீனைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்டால், உப்பிட்டு வெயிலில் காயவைக்க வேண்டும் என்று சிறு பிள்ளையும் சொல்லும். அது உண்பதற்காகச் செய்யப்படுவது. பார்ப்பதற்கும் படிப்பதற்குமாக மீனைப் பேணுகின்ற வேறொரு தொழிலும் உண்டு. மீனின் தோலை உரித்தெடுத்து, பதப்படுத்தி, உள்ளே ஓர் உருவத்தை வைத்துத் தைத்து, உயிருள்ள மீன் போலத் தோன்றச் செய்வதே அத்தொழில். இதனைப் 'பாடம் செய்தல்' என்கிறோம். பள்ளியில் படிப்பதற்கும் பாடம் என்றே பெயர். இவ்விரண்டு பாடங்களும் ஒன்றுசேர்ந்த ஓர் உண்மை நிகழ்வை இம்முறை நாம் படிப்போம்.

முதலில் இத்தொழில் எவ்வாறு செய்யப்படுகிறது என்று பார்ப்போம். பின்னர், பாடம் செய்த ஒரேயொரு மீன் உலகத்தின் அறிவை எவ்வாறு மாற்றியது என்று பார்ப்போம். இறுதியில், அதிலிருந்து எமது குடும்பங்களும் குழுக்களும் எதனை எடுத்துக்கொள்ளலாம் என்று சிந்திப்போம்.

மீன் ஏன் கடினமானது?

மானையோ புலியையோ பாடம் செய்பவருக்கு மயிர் துணை செய்கிறது. பறவையைச் செய்பவருக்கு இறகு துணை செய்கிறது. தையலையும் சிறு குறைகளையும் அவை மறைத்துவிடும். மீனுக்கு அத்தகைய போர்வை இல்லை. ஒரு செதில் கழன்றாலும் கண்ணுக்குத் தெரியும்.

வேறு மூன்று தொல்லைகளும் உண்டு. முதலாவது, மீன் இறந்தவுடன் அதன் நிறம் மாறத் தொடங்குகிறது. காய்ந்து முடியும்போது இயற்கை நிறம் பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது, தலையிலும் தோலின் அடியிலும் உள்ள எண்ணெய், முற்றாக நீக்கப்படாவிட்டால், மாதங்கள் சென்ற பின்பும் வெளியே கசியும். மூன்றாவது, தோலும் செட்டைகளும் காயும்போது சுருங்கும். செட்டைகள் இலகுவில் உடையும். ஆகவே மீனைப் பாடம் செய்பவர் கத்தியை எடுப்பதற்கு முன்னரே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

செய்முறை

முதற்படி குறித்து வைத்தல். மீன் புதிதாக இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும். நீளம், தலையின் அகலம், உடலின் பல இடங்களில் சுற்றளவு என்பவற்றை அளவு நாடாவால் அளந்து எழுத வேண்டும். மீனைக் கடதாசியின் மேல் கிடத்தி, சுற்றிவரக் கோடு வரைந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில் எந்த நிறம், எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று எழுதி வைக்க வேண்டும். நிறம் போனபின் இந்தக் குறிப்பைத் தவிர வேறு துணை கிடையாது.

இரண்டாவது உரித்தல். பார்வைக்கு வைக்கப்படும் பக்கம் எது என்று தீர்மானித்து, மறுபக்கத்தில் தலையிலிருந்து வால்வரை வெட்ட வேண்டும். கத்தியை மெல்ல ஓட்டித் தோலைத் தசையிலிருந்து பிரிக்க வேண்டும். செட்டைகள் தோலோடு இருக்கத்தக்கதாக, அவற்றின் அடியெலும்புகளை உள்ளிருந்து வெட்ட வேண்டும். கண்கள், கன்னத்துத் தசை, மூளை, செவுள் ஓரங்களிலுள்ள தசை யாவும் நீக்கப்பட வேண்டும்.

மூன்றாவது சுத்தம் செய்து பதப்படுத்தல். தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தசையையும் கொழுப்பையும் சுரண்டி, சவர்க்கார நீரில் கழுவ வேண்டும். பின்னர் பெரும்பாலும் வெண்காரம் இடுவார்கள். அது தோலை உலரச் செய்து பூச்சிகளைத் தடுக்கும். முற்காலத்தில் இதற்கு ஆசெனிக் என்னும் நஞ்சு கலந்த சவர்க்காரத்தைப் பூசினார்கள். ஆகவே மிகப் பழைய பாடம் செய்த மிருகங்களையோ மீன்களையோ எங்காவது கண்டால் வெறுங்கையால் தொடவேண்டாம். பிள்ளைகளையும் தொட விடவேண்டாம்.

நான்காவது உருவம் அமைத்தல். முன்னர் எழுதி வைத்த அளவுகளின்படி மென்மையான மரத்திலோ இறுகிய நுரைப்பொருளிலோ உடலைச் செதுக்கி, அதன் மேல் தோலைப் போர்த்தித் தைக்க வேண்டும். செட்டைகளை விரித்து, இருபக்கமும் மட்டை வைத்துக் குத்தூசியால் பிடிக்க வேண்டும். பின் நிழலில், காற்றோட்டமான இடத்தில் வாரக் கணக்கில் காயவிட வேண்டும்.

ஐந்தாவது நிறைவு செய்தல். கண்ணாடிக் கண்ணைப் பொருத்தி, சுருங்கிய இடங்களை நிரப்பி, குறிப்பில் உள்ளபடி நிறம் தீட்டி, மேலே வார்ணிஷ் பூச வேண்டும்.

இப்போது பலர் மீனைக் கொல்லாமலே இதைச் செய்கிறார்கள். பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, மீண்டும் நீரில் விட்டுவிடுகிறார்கள். அளவுக்கேற்ற உருவத்தைக் கண்ணாடி நாரில் வார்த்து நிறம் தீட்டுகிறார்கள். இங்கே குறிப்பே மீனின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

செய்ததை மறைத்து வைப்பதில்லை

இத்தொழிலைச் செய்பவர்கள் தாம் முடித்ததைப் பிறருக்குக் காட்டுவதில் ஆர்வமுள்ளவர்கள். ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் உலகப் போட்டிகளில் மீன்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. நடுவர்கள் தையலையும் கண்ணையும் செட்டையையும் நிறத்தையும் நுணுகிப் பார்த்துக் குறைகளைச் சொல்வார்கள். குறை கேட்டவர் அடுத்த மீனைத் திருத்தமாகச் செய்வார்.

இப்பழக்கம் புதியதல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த குரொனோவியஸ் என்னும் அறிஞர் 1740களில் ஓர் எளிய முறையை எழுதி வெளியிட்டார். மீனின் ஒரு பக்கத்துத் தோலை மட்டும் எடுத்து, உலர்த்தி, செடிகளை ஒட்டிவைப்பதுபோலக் கடதாசியில் ஒட்டி வைப்பதே அம்முறை. அதற்குக் கண்ணாடிச் சாடியோ சாராயமோ தேவைப்படவில்லை. இலேசான இத்தோல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதும் இலகு. இம்முறையில் உலர்த்திய மீன் தோல்களுள் பல இன்றும் லண்டன் நகரில் பேணப்படுகின்றன.

1938: ஓர் அவசர வேலை

இனி எமது நிகழ்வுக்கு வருவோம். தென் ஆபிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக நகரில் ஒரு சிறிய நூதனசாலை இருந்தது. அதன் பொறுப்பாளர் மார்ஜரி கோட்னி லற்றிமர் என்ற பெண்மணி. பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர், வயது 31. அங்கு மீன்பிடிக்கும் இழுவைக் கப்பல் ஒன்றின் தலைவரான ஹென்றிக் கூசன், வலையில் புதுமையான மீன் எதுவும் அகப்பட்டால் அவருக்கு அறிவிப்பது வழக்கம்.

1938 டிசம்பர் 22 ஆம் திகதி அவ்வாறு அறிவிப்பு வந்தது. லற்றிமர் துறைமுகத்துக்குச் சென்றார். மீன் குவியலின் அடியில் நீலச் செட்டை ஒன்று தெரிந்தது. விலக்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமும் 57 கிலோகிராமுக்கு மேல் நிறையும் உள்ள மீன் கிடந்தது. செதில்கள் மிகக் கடினமாக இருந்தன. செட்டைகள் கைகால்கள் போலத் தசைத் தண்டுகளிலிருந்து வளர்ந்திருந்தன.

வாடகைக் கார்ச் சாரதி நாற்றத்துக்கு அஞ்சி முதலில் மறுத்தார். ஒருவாறு மீன் நூதனசாலைக்கு வந்தது. அவ்வளவு பெரிய மீனை வைக்கப் பாத்திரம் இல்லை. பிரேத அறையிலும் குளிர்க் களஞ்சியத்திலும் இடம் தர மறுத்துவிட்டார்கள். தென் ஆபிரிக்காவில் அது கோடை காலம். மீனைப் பாடம் செய்பவரான றொபேட் சென்ரரிடம் கொண்டு சென்று, கிடைத்த சிறிதளவு போமலினைத் துணியிலும் பத்திரிகைக் கடதாசியிலும் ஊற்றி மீனைச் சுற்றி வைத்தார்கள். மறுநாளே லற்றிமர் மீனின் படத்தைக் கையால் வரைந்து, விபரங்களையும் எழுதி, மீன்களைப் பற்றி ஆராய்ந்துவந்த ஜே. எல். பி. ஸ்மித் என்பவருக்கு அனுப்பினார்.

ஸ்மித் விடுமுறையில் வேறோர் ஊரில் இருந்தார். கடிதம் உடனே கிடைக்கவில்லை. நாட்கள் சென்றன, மீன் பழுதாகத் தொடங்கியது, போமலின் உள்ளே ஊறவில்லை. டிசம்பர் 27 ஆம் திகதி லற்றிமர் தீர்மானித்தார்: தோலையாவது காப்பாற்றுவோம். சென்ரர் அதை உரித்துப் பாடம் செய்தார். உள்ளுறுப்புகள் வீசப்பட்டன. எடுத்த படங்களும் பழுதாகிவிட்டன. சனவரி 3 ஆம் திகதி கடிதத்தைக் கண்ட ஸ்மித், எலும்பையும் செவுளையும் காப்பாற்றுமாறு தந்தி அடித்தபோது காலம் கடந்துவிட்டது.

எஞ்சியது பேசியது

1939 பெப்ரவரி 16 ஆம் திகதி ஸ்மித் நேரில் வந்து பாடம் செய்த மீனைப் பார்த்தார். ஐயம் நீங்கியது. அது சீலகாந்த் என்னும் இனத்தைச் சேர்ந்தது. கல்லில் பதிந்த சுவடுகளாக மட்டுமே அறிஞர்கள் அதைக் கண்டிருந்தார்கள். ஏறக்குறைய 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது அற்றுப்போனது என்று நம்பியிருந்தார்கள். அம்மீனுக்கு 'லற்றிமேரியா சலும்னே' என்று பெயரிட்டார் ஸ்மித். முதற்சொல் அந்தப் பெண்மணியின் பெயரிலிருந்து வந்தது. இரண்டாவது, மீன் பிடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள சலும்னா ஆற்றின் பெயர். அந்த மீன் ஈஸ்ட் லண்டன் நூதனசாலையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

ஆனால் வீசப்பட்ட உள்ளுறுப்புகள் அறிஞர்களுக்குப் பெருங்குறையாக இருந்தன. இன்னொரு மீனைத் தேட, படத்துடன் மூன்று மொழிகளில் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஆபிரிக்காவின் கிழக்குக் கரையெங்கும் பரப்பினார்கள். 100 பவுண் வெகுமதியும் அறிவித்தார்கள். 14 ஆண்டுகள் சென்றன. 1952 டிசம்பரில் கொமோறோ தீவுகளுள் ஒன்றில் அகமதி அப்துல்லா என்ற மீனவர் ஒரு மீனைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். துண்டுப்பிரசுரத்தைக் கண்டிருந்த ஆசிரியர் ஒருவர் அதை அடையாளம் கண்டார். மீன், எரிக் ஹண்ட் என்பவரின் கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவர் கையிலிருந்த உப்பை இட்டு முதலில் காத்தார். பின்னர் போமலின் பெற்றுச் செலுத்தினார். இம்முறை உள்ளுறுப்புகளும் ஆராய்ச்சிக்குக் கிடைத்தன.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. உலகம் அற்றுப்போனதாக எண்ணிய அந்த மீனுக்குக் கொமோறோ மீனவர்கள் 'கொம்பெசா' என்று பெயரே வைத்திருந்தார்கள். அது எப்போதாவது தூண்டிலில் வருவதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவைக் கேட்க ஒருவர் செல்லும் வரைக்கும் அது தீவைவிட்டு வெளியே வரவில்லை.

பேணிய பொருள் பிற்காலத்திலும் பேசும் என்பதற்கு இன்னொரு சான்று: 2021 இல் வெளியான ஓர் ஆய்வில், சேகரிப்புகளில் பேணப்பட்ட 27 சீலகாந்த் மீன்களின் செதில்களைப் பார்த்து வயதைக் கணித்தார்கள். முன்பு இவை ஏறக்குறைய 20 ஆண்டுகளே வாழும் என எண்ணியிருந்தார்கள். அவற்றுள் ஒன்றின் வயது 84 என்று தெரியவந்தது. மரத்தின் வளையங்களைப் போலச் செதிலிலும் ஆண்டுகள் பதிந்திருந்தன. இவ்வளவு மெதுவாக வளரும் இம்மீன் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது; அதனால் அதன் வணிகம் சர்வதேச உடன்பாட்டினால் தடுக்கப்பட்டுள்ளது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்குப் புதியதல்ல. எல்லாவற்றையும் காப்பாற்ற லற்றிமராலும் முடியவில்லை. ஆனால் முழுவதையும் காக்க முடியவில்லையே என்று அவர் எல்லாவற்றையும் கைவிட்டுவிடவில்லை. கையில் கிடைத்த துணியால் சுற்றினார், கண்டதை அன்றன்றே வரைந்தார், தெரிந்தவருக்கு எழுதினார், எஞ்சிய தோலைப் பிறர் பார்க்க வைத்தார். அந்தத் தோலும் கடிதமும் இருந்தபடியால்தான் அடுத்த மீன் தேடப்பட்டது.

விட்டுவந்த ஊரில் எந்த நெல் எந்த வயலில் நன்றாக விளைந்தது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, காணியின் எல்லை எந்த மரத்திலிருந்து எந்த மரம்வரை என்பவை இன்றும் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. நினைவும் மீனின் நிறத்தைப் போன்றது. நாளாக நாளாக மங்கும். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் இருந்தால் அதைப் 'பாடம் செய்து' வைக்கலாம். எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் அயலவருக்கு வாசித்துக் காட்டினால், ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்லுவார். ஒருவரின் தவறை இன்னொருவர் திருத்துவார்.

குழுவாகக் கலந்துரையாட

1. லற்றிமர் தோலைக் காத்தார், உள்ளுறுப்புகளை இழந்தார். அவருடைய நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

2. கொமோறோ மீனவர்களைப் போல, எமது ஊர்ப் பெரியவர்களிடம் இருந்தும் வெளியே எவரும் கேட்காத அறிவு எது? யார் போய்க் கேட்பது?

3. எமது குழுவில் இவ்வாரமே எழுதி வைக்கக்கூடிய மூன்று விடயங்கள் எவை? எழுதுபவர் யார்? அதைக் கேட்டுத் திருத்துபவர் யார்?