வெருட்டுதல் – ஒரு சொல்லாராய்ச்சி



புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள குடுமியான்மலை, ஏழாம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டால் பெயர்பெற்ற ஊர். சிகாநாதர் எழுந்தருளியுள்ள சிவத்தலமேயாயினும், அங்கு மண்டபத் தூணில் இரணியனைக் கிழிக்கும் நரசிங்கப் பெருமானைக் கண்டு நில்லாத வைணவர் இரார். அவ்வுரு நம் நெஞ்சில் செய்யும் செயலுக்குத் தமிழில் வினைச்சொல் யாது? 'வெருட்டுதல்' என்பது அடியேன் துணிபு.

வெருள் தன்வினை, வெருட்டு பிறவினை. மருள்–மருட்டு, தெருள்–தெருட்டு என்பனவும் இவ்வாறே. தமிழகப் பேச்சில் இதன் இடத்தை 'மிரட்டு' கவர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்தார் நாவில் இச்சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. வயற்புல்லுருவை அவர்கள் 'வெருளி' என்பர். வெருளி வாய் திறப்பதில்லை. தோற்றமே அதன் தொழில். அதற்கு உள்ளீடு வைக்கோல் என்பது வேறு.

'மருட்டு' என்றாலென்ன எனில், அது மயக்கி ஏமாற்றுதலையும் குறிக்கும். எம்பெருமான் பெருமை பொய்த்தோற்றமன்றே.

தொல்காப்பியர் மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடாக வைத்தார். மருட்கை பிறக்குமிடங்களுள் பெருமை ஒன்று. அச்சம் பிறக்குமிடங்களுள் தம் இறை ஒன்று. பெருமையும் இறைமையும் ஒருவன்பாலே நிற்குமிடத்து இரண்டும் கலந்தே எழும். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ஜுனன் விசுவரூபம் கண்டு முதலில் வியந்தான், பின் அஞ்சினான், முடிவில் பழைய இனிய வடிவையே காட்டியருள வேண்டினான்.

ஆயின் பரத்வம் நம்மை வெருட்டி விலக்குமோ? பாகவதம் கூறும் நரசிங்க சரிதத்தை நோக்குக. சீற்றம் தணியாத அவ்வுருவை அணுகத் தேவர்கள் அஞ்சினர், திருமகளே தயங்கினாள். பிரகலாதன் என்னும் சிறு பிள்ளை மட்டும் அருகே சென்று திருவடியில் விழுந்தான். உரு ஒன்றே, ஆனால் 'வெருட்டு' என்னும் வினைக்கு அவன் செயப்படுபொருள் ஆகவில்லை. சிங்கம் தன் குட்டியை வெருட்டுவதில்லை.

இச்சொற்குடும்பத்தில் 'வெருவு' என்பதும் உண்டு. பெரிய திருமொழியில் திருமங்கையாழ்வார் தாயின் நிலையில் நின்று, எதற்கும் வெருவாத தன் மகள் திருவேங்கடத்தின் பெயரையே சொல்லி வாய்வெருவுகிறாள் என்று நோகிறார். வாய்வெருவுதல் தன்னினைவின்றிப் பிதற்றுதல். கனவில் அஞ்சியவர்க்கு உரிய சொல், காதலில் ஆழ்ந்தவளுக்கு ஆயிற்று. இங்கு அவளை வெருட்டியது உகிருமன்று, சீற்றமுமன்று, அவனுடைய வடிவழகு.