ஏரி விராலைக் காத்தல்

தாம்பரத்தை அடுத்த சேலையூர், மாடம்பாக்கம் முதலிய ஏரிகள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புவன. இத்தகைய ஏரிகளுக்குரிய நாட்டு மீன்களுள் விரால் முதன்மையானது. மழைக்காலத்தில் அது கரையோரப் புல்பூண்டுகளினிடையே முட்டையிடும். மிதக்கும் முட்டைகள் ஓரிரு நாட்களிற் பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் நீர்மட்டத்தில் திரியுங்கால், பெற்ற மீன் உடனிருந்து காக்கும். அதனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒன்றைப் பெற்று ஆயிரத்தை இழத்தலே பலன்.

ஆகையால் கவனிக்க வேண்டியவை:

1. குஞ்சுகள் திரியுமிடத்தில் வலையோ தூண்டிலோ இடலாகாது.

2. கோடையில் கடைசி மடுவை இறைத்து மீன் பிடித்தல் கூடாது. விரால் காற்றையும் சுவாசிக்க வல்லதாகையால், சிறிது நீரிலும் பிழைத்து அடுத்த மழைக்கு விதையாகும்.

3. நாட்டு மீன்களைத் தின்றழிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அதனை ஏரியில் விடலாகாது.

மீன்பாசிக் குத்தகை ஏலத்தின்போதே இவற்றை நிபந்தனைகளாகச் சேர்த்தல் நலம்.