அடி போட்டதும் காட்டு

போடிநாயக்கனூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. குரோஷா ஊசி பிடித்து உல்லன் சால்வை பின்னத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. போடிமெட்டுக் குளிருக்கு அது வேண்டியதுதான். ஆனால், "முழுசா முடிச்சுட்டுத்தான் காட்டுவேன் அத்தை, பாதியில காட்டினா சிரிப்பாங்க, கண்ணும் பட்டுடும்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

அரைகுறை வேலையைச் சபையில் வைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது சரியான பேச்சுதான். ஆனால் சபை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் ஏலக்காயையே பார். ஸ்பைசஸ் போர்டின் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. அங்கே வியாபாரி சாம்பிள் காயைப் பார்த்து விலை கேட்கிறார். அவர் முன்னால் அரைகுறையாகத் தரம் பிரித்ததை வைத்தால் விலை இறங்கும். அதற்கு முந்தின கட்டத்தில், காய் பொறுக்கும் இடத்தில், கதையே வேறு. வெடித்த காய், வெளுத்த காய், சிறு காய் என்று பெண்கள் கையால் பிரிக்கிறார்கள். புதிதாக வந்தவளின் குவியலைப் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்து, "இது வெளுத்தது, தனியாப் போடு" என்கிறாள். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. சாக்கைத் தைத்த பிறகு சொல்லி என்ன புண்ணியம்? உன் சால்வைக்கும் விலை பேசாத, கைவேலை தெரிந்த நாலு பேர் வேண்டும். அவர்கள் சபை இல்லை.

ஏன் பாதியிலேயே காட்ட வேண்டும் என்பதை ஒயர் கூடையை வைத்துச் சொல்கிறேன். நீயும் நம் தெருத் திண்ணையில் பார்த்து வளர்ந்ததுதான். சாதா முடிச்சில் நீளவாட்டில் 20, அகலவாட்டில் 8 என்று அடி போடுகிறோம் என்று வை. அடி முடிந்ததும் நாலு பக்கமும் ஒயர் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளப் பக்கம் இரண்டிலும் இருபது இருபது, அகலப் பக்கம் இரண்டிலும் எட்டு எட்டு, ஆக 56. ரன்னிங் ஒயரை எடுத்து முதல் சுற்று ஓட்டும்போது ஒவ்வொரு நுனிக்கும் ஒரு முடிச்சு விழ வேண்டும். மூலை திரும்பும் இடத்தில் ஒரு நுனி அடியில் மடங்கி ஒளிந்துகொண்டால் 55 முடிச்சோடு சுற்று கூடிவிடும். அந்த நேரத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில வரிசை ஏறிய பிறகுதான் அந்த மூலை உள்ளே இழுக்கும், கூடை ஒரு பக்கம் சாயும். கைப்பிடி வைக்க நடு எடுத்தால் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வராது. அப்போது கண்டுபிடித்தால் அத்தனையையும் பிரிக்க வேண்டும், பிரித்த ஒயரோ மடிப்பு விழுந்து வீணாகியிருக்கும். அடி போட்ட அன்றே பக்கத்து வீட்டு அக்கா விரல் வைத்து எண்ணியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சு எதுவானாலும், கூடையின் தலையெழுத்து அடியில்தான் இருக்கிறது.

சால்வைக்கும் இதே கணக்கு உண்டு. வரிசையின் கடைசித் தையல், திரும்புவதற்காகப் போட்ட சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். புதிதாகப் பின்னுகிறவர்கள் அதை விட்டுவிட்டுத் திரும்புவார்கள். வரிசைக்கு ஒன்று குறைந்தாலும் இருபது வரிசையில் இருபது தையல் போய்விடும். சால்வை மேலே போகப் போகக் குறுகி முக்கோணமாகிவிடும். பின்னுகிற உனக்கு அது தெரியாது, ஏனென்றால் உன் கண் ஊசி முனையிலேயே இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு ஓரம் சாய்வது உடனே தெரியும். இன்னொன்று, முதல் சங்கிலியை இறுக்கிப் போட்டிருந்தால் கீழ் ஓரம் சுருங்கி நிற்கும். அதற்கு மருந்து, சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி. இதைப் பத்தாவது வரிசையில் கேட்டால் பயன் உண்டு.

எப்படிக் காட்டுவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்காதே. அதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "இந்த ஓரம் ஏன் சுருளுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். எது செய்ய நினைத்தாய் என்பதையும் சொல். நீ வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அவர்கள் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பின்பக்கத்தைக் கட்டாயம் காட்டு. நூல் மாற்றிய இடம், நுனி செருகிய இடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். தொலைவில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினால், ஜன்னல் வெளிச்சத்தில் எடு, பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வை, அளவு தெரியும். ஊசி எத்தனை மில்லிமீட்டர், வரிசைக்கு எத்தனை தையல் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதையும் படத்தில் சேர். கண் படும் என்று பயமாக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு நூல் முடிந்துகொள், காட்டாமல் மட்டும் இருக்காதே.

இப்படி ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! அடுத்த ஆண்டு 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஸ்கார்ஃப் ஒன்றையும் முடித்தார்கள். பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தவை இவை. அதன் அருமை பின்னுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை என்றாலும் ஒருத்தி கை இறுக்கம், இன்னொருத்தி கை தளர்வு, துண்டின் அளவு மாறிவிடும். உன் கை எந்த வகை என்று தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொருத்தியின் பாதித் துண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

நம் மலையிலும் இதற்குச் சான்று இருக்கிறது. இடுக்கிப் பக்கம் ஊராளி, மன்னான், முதுவர் மக்கள் முடையும் கண்ணாடிப்பாய்க்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாணல் மாதிரி மெல்லிய மூங்கிலின் உள்பகுதியைச் சீவி, இழை இழையாக எடுத்து முடைவது அது. பளபளப்பால்தான் அந்தப் பெயர். முடிந்த பாயை எத்தனை முறை புரட்டினாலும் முதல் இழையை எங்கே வைத்தார்கள், கோலம் எந்த இடத்தில் திரும்பியது என்று எளிதில் பிடிபடாது. முடைகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பாயைப் பார்த்தால்தான் அது தெரியும். இந்த மாதிரி வித்தைகள் பிழைத்திருப்பதற்குப் பாதி வேலையை மறைக்காத மனசுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தவர் வேலையைப் பார்க்கும் முறையையும் பழகிக்கொள். அவர்கள் கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கிப் பின்னிக் காட்டாதே. உன் நூலில் ஒரு துண்டு தனியாகப் பின்னிக் காட்டு. "பிரிச்சுடு" என்பது பெரிய வார்த்தை, அதைச் சொல்லும் முன் எத்தனை வரிசை போயிருக்கிறது என்று பார். ஐந்து வரிசை என்றால் சொல்லலாம். ஐம்பது என்றால், ஓரத்தில் பார்டர் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று முதலில் சேர்ந்து யோசி. நீ காட்டும்போது ஆளுக்கொன்று சொன்னால் குழம்பாதே. பத்துத் தையலில் இரண்டையும் பின்னிப் பார், கை சொல்லிவிடும். பிரிப்பதா வேண்டாமா என்ற முடிவு எப்போதும் உன்னுடையது. இன்னொருத்தி பாதியில் காட்டிய டிசைன் பிடித்திருந்தால், அவள் முடிக்கும் முன் நீ பின்னி யாருக்கும் கொடுக்காதே. கேட்டுவிட்டுச் செய், யாரிடம் பார்த்தாய் என்று சொல்லிக் கொடு. இதில் மட்டும் நான் கண்டிப்பானவள். இது ஒன்று தவறினால் அடுத்த தடவை யாரும் பையைத் திறக்க மாட்டார்கள்.

இப்போதைக்கு முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை மூன்றிலும் தையலை எண்ணி எனக்கு எழுது. நான் ஒரு பச்சைக் கூடைக்கு அடி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கீழே இறங்கும்போது சால்வையை அப்படியே எடுத்து வா. கூடையின் நுனிகளை நீ எண்ணிச் சொன்ன பிறகுதான் ரன்னிங் ஒயர் ஓட்டுவேன்.

அன்புடன்,
அத்தை