சொற்களின் எடை

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குதல் வளமுற்ற மொழிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பாகும். தமிழில் அத்தகைய சொற்களை ஒருங்கே தொகுத்துக் காட்டுவன நிகண்டுகள். ஆயினும், ஒரு தொகுதியுள் அடங்கிய சொற்கள் யாவும் எல்லா இடத்தும் ஒன்றற்கு ஒன்று ஈடாக நிற்கும் என்று கருதுதல் கூடாது. கண்ணுக்கு ஒத்தனவாகத் தோன்றும் இரண்டு மணிகள் பொற்கொல்லனது தராசில் ஏறியவுடன் எடை வேறுபடுகின்றன. சொற்களும் அத்தன்மையனவே. ஆங்கிலத்தில் வழங்கும் ஐந்து பெயரடைகள் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

சீரியஸ், கிரேவ், சாலம், எர்னஸ்ட், சோபர் என்பன அவ்வைந்து சொற்கள். அகராதியைப் புரட்டும் மாணவன் இவற்றிற்கு எதிரே 'விளையாட்டுத்தன்மை இல்லாத', 'கருத்தூன்றிய', 'கடுமையான' என்னும் பொருள்களே மாறி மாறி வரக் காண்பான். ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் என்ன குறை என்று அவன் வினவுதல் இயல்பே. இத்தகைய வினாவிற்கு ஆங்கிலேயரும் விடை தேடியுள்ளனர். அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் நண்பராகிய ஹெஸ்டர் பியோசி என்னும் அம்மையார், உரையாடலில் சொற்களைத் தேர்ந்து வழங்கும் முறையைப் பற்றி 1794ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஜார்ஜ் கிராப் என்பார் 1816ஆம் ஆண்டில் ஒருபொருட் சொற்களின் வேறுபாடுகளை விரித்துரைத்தார். பீட்டர் மார்க் ரோஜட் என்னும் மருத்துவர் 1852ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தெசாரஸ்' சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துத் தருவது. அவற்றின் வேறுபாட்டை விளக்குதல் அதன் நோக்கமன்று. ஆதலின், வேறுபாட்டை முன்னரே அறிந்தவனுக்கே அந்நூல் பெருந்துணையாகும்.

மேற்கூறிய ஐந்து சொற்களும் குறிக்கும் பண்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால், அப்பண்பு உறையும் இடம் வேறு. செய்தியின்கண் உறைவது ஒன்று. சுமையின்கண் உறைவது ஒன்று. சடங்கின்கண் உறைவது ஒன்று. உள்ளத்தின்கண் உறைவது ஒன்று. அறிவின்கண் உறைவது ஒன்று. இவ்விட வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மயக்கம் நீங்கும்.

ஐந்தனுள் மிகப் பரவலாக வழங்குவது சீரியஸ் என்பது. நோய், விபத்து, பிழை, நூல், மனிதர் ஆகிய எதற்கும் இஃது அடையாக வரும். எளிதாக ஒதுக்கத் தகாதது, எண்ணிப் பார்க்கத் தக்கது என்பதே இதன் அடிப்படைப் பொருள். தமிழில் சிறப்பைக் குறிக்கும் 'சீரிய' என்னும் சொல்லோடு இதற்கு ஒலியளவில் ஒப்புமை உண்டேயன்றி உறவு இல்லை. 'அவர் சீரியஸாக இருக்கிறார்' என்று தமிழர் பேச்சுவழக்கில் ஒரு நோயாளியைப் பற்றிக் கூறினால், அவர் உயிருக்கு இடர் நேர்ந்ததெனக் கேட்டோர் பதறுவர். அத்தொடரையே சொல்லுக்குச் சொல்லாக ஆங்கிலத்தில் அமைத்தால், அவர் வேடிக்கையாகப் பேசவில்லை என்பதே பொருளாகும். நோயைக் குறிக்க வேண்டின், அவருடைய நிலை சீரியஸ் என்றேனும், அவர் 'சீரியஸ்லி இல்' என்றேனும் உரைத்தல் வேண்டும். ஆங்கிலமே அறிந்த ஒருவருக்கு எழுதும் மடலில் இது பிழைபட்டால், அவர் உடனே புறப்பட வேண்டிய வேளையில் புறப்படாது இருந்துவிடவும் கூடும்.

கிரேவ் என்பது, கனமான என்னும் பொருளுடைய 'கிராவிஸ்' என்ற இலத்தீன் சொல்லினின்று வந்தது. 1687ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் ஐசக் நியூட்டன் விளக்கிய ஈர்ப்பு விசையைக் குறிக்கும் 'கிராவிட்டி' என்னும் சொல்லும் அவ்வேரினின்று பிறந்ததே. ஆதலின் கிரேவ் என்பதில் எப்பொழுதும் ஒரு சுமை அழுத்தி நிற்கும். கொடிய செய்தியைக் கூற வந்தவனது முகமும், தவிர்த்தற்கரிய பேரிடரும் கிரேவ் எனப்படும். கல்லறையைக் குறிக்கும் கிரேவ் என்பதோ, தோண்டுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வேரினின்று வந்த வேறு சொல். வடிவால் ஒன்றாகிவிட்ட இவ்விரண்டையும் இணைத்து, 'ரோமியோவும் ஜூலியட்டும்' என்னும் நாடகத்தில், குத்துண்டு வீழ்ந்த மெர்குஷியோ சாகுந் தறுவாயிலும் சிலேடை பேசுமாறு ஷேக்ஸ்பியர் அமைத்துள்ளார்.

சீரியஸ், கிரேவ் என்னும் இரண்டிற்கும் உள்ள எடை வேறுபாடு சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. போரில் காயமுற்றோரையும் சிறைப்பட்டோரையும் பொதுமக்களையும் காத்தற்பொருட்டு 1949ஆம் ஆண்டில் ஜெனீவா உடன்படிக்கைகள் இயற்றப்பட்டன. அவற்றுள், மனமறிந்து கொல்லுதல், சித்திரவதை செய்தல் முதலிய சில மீறல்கள் மட்டும் கிரேவ் என்னும் அடையோடு பிரித்துக் கூறப்பட்டன. அவற்றைச் செய்தவர் எந்நாட்டவராயினும், அவரைத் தேடி வழக்குமன்றத்தில் நிறுத்துதல் உடன்படிக்கை ஏற்ற ஒவ்வொரு நாட்டின் கடமையாகும். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவ 1998ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஏற்கப்பட்ட சட்டமும், இக்கிரேவ் மீறல்களை ஒரு பிரிவாகவும், போர்ச்சட்டங்களுக்கு மாறான பிற சீரியஸ் மீறல்களை வேறு பிரிவாகவும் வகுத்துள்ளது. ஓர் அடைமொழியை மாற்றினால் குற்றத்தின் வகையே மாறிவிடும்.

சாலம் என்னும் சொல்லின் எழுத்துவடிவில் இறுதியில் னகர ஒலிக்குரிய எழுத்து ஒன்று உண்டு. அது சொல்லில் ஒலிப்பதில்லை. 'சாலெம்னிட்டி' என்னும் பெயர்ச்சொல்லில் அது வெளிப்பட்டு ஒலிக்கும். முறைப்படி நிகழும் சமயச் சடங்கைச் சார்ந்தது என்பது இதன் இலத்தீன் மூலப்பொருள். உறுதிமொழி, ஊர்வலம், அஞ்சலியின்போது நிலவும் அமைதி ஆகியவற்றிற்கு இவ்வடை பொருந்தும். 1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் முகவுரையில், மக்கள் பூண்ட உறுதி இச்சொல்லின் வினையடையாலேயே சிறப்பிக்கப்பட்டுள்ளது. பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடாது உறுதி கூறும்பொழுதும் ஆங்கிலத்தில் இவ்வடையே வரும். தமிழில் உறுதி கூறுவோர் அவ்விடத்தில் 'உளமார' என்கின்றனர். ஆங்கிலம் அவையின் மாண்பை முன்னிறுத்த, தமிழ் நெஞ்சின் நேர்மையை முன்னிறுத்துகின்றது. இரண்டும் தத்தம் நிலையில் தக்கனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

அந்நெஞ்சின் நேர்மைக்கு ஆங்கிலத்தில் உரிய சொல் எர்னஸ்ட் என்பது. இஃது இலத்தீனினின்று கடன்கொண்டதன்று; ஆங்கிலத்தின் பழஞ்சொல். மனிதருக்கும், அவர்தம் முயற்சி, வேண்டுகோள் முதலியவற்றிற்குமே இது வரும். நோயோ விபத்தோ எர்னஸ்ட் ஆகாது. அவற்றிற்கு உள்ளம் இல்லை. இச்சொல்லை ஒலியால் ஒத்த 'எர்னஸ்ட்' என்னும் ஆண்பாற் பெயரும் ஆங்கிலத்தில் உண்டு. இவ்வொப்புமையைக் கொண்டு ஆஸ்கார் ஒயில்டு இயற்றிய நகைச்சுவை நாடகம் 1895 பிப்ரவரி 14ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. அதில் வரும் நங்கையர் இருவர் எர்னஸ்ட் என்னும் பெயருடையவனையே மணக்க விரும்புகின்றனர். இளைஞர் இருவர் அப்பெயரைப் பொய்யாகப் புனைந்துகொள்கின்றனர். பெயரில் வாய்மையும் நடத்தையில் பொய்ம்மையும் இருப்பதே அந்நாடகத்தின் நகை. அப்பெயரைத் தமிழில் பெயர்த்தால் சிலேடை சிதையும்.

சோபர் என்பதன் முதற்பொருள் மதுமயக்கம் இல்லாமை. அதனின்று, எவ்வகை மயக்கமும் இல்லாத தெளிவையும் இது குறிக்கலாயிற்று. சினத்தாலோ ஆசையாலோ கலங்காத தீர்ப்பு சோபர் எனப்படும். பகட்டில்லாத நிறத்து ஆடையும் அவ்வாறே கூறப்படும். எர்னஸ்ட் என்பதில் உள்ளத்தின் வெம்மை உண்டு; சோபர் என்பதில் அறிவின் தண்மை உண்டு.

ஒரு குடும்பத்தில் தந்தை நோயுற்றதாகக் கொள்வோம். அவருடைய நோய் சீரியஸ். அதன் முடிவை அறிவிக்க வரும் மருத்துவரின் முகம் கிரேவ். எவ்வாறேனும் காத்தருளுமாறு மகள் வேண்டும் வேண்டுகோள் எர்னஸ்ட். அறுவை செய்வதால் வரும் நன்மையையும் தீமையையும் கலங்காது எண்ணி மூத்தோர் செய்யும் முடிவு சோபர். நோய் நீங்கியபின் திருக்கோயிலில் அக்குடும்பத்தார் நிறைவேற்றும் நேர்த்திக்கடன் சாலம். இவற்றுள் ஒன்றை மற்றொன்றன் இடத்தில் வைப்பின், மருத்துவர் கெஞ்சுபவராகவும் மகள் கலக்கமே அற்றவளாகவும் தோன்றுவர்.

ஆதலின், அகராதி தரும் பொருளோடு அமையாது, ஒரு சொல் எப்பெயர்களோடு சேர்ந்து வருகின்றது, யாரால் எச்சூழலில் ஆளப்படுகின்றது என்பவற்றையும் மாணவர் நோக்குதல் வேண்டும். பிறமொழிச் சொற்களை இவ்வாறு நிறுத்துப் பார்க்கப் பழகியவர், தம் மொழிச் சொற்களையும் அளவறிந்து வழங்குவர். நினைத்தது ஒன்றாகவும் சொன்னது வேறொன்றாகவும் ஆகும் இடர் அவர்க்கு நேர்தல் அரிது.