மண்டிக்கும் வண்டிக்கும்

சந்தவாசல்,
ஐப்பசி மாதம்.

மருமானுக்கு மாமன் எழுதுவது.

போளூரில் மல்லாட்டை மண்டி திறந்த கையோடு சிறிய சரக்கு வண்டி ஒன்றும் வாங்கியிருப்பதாகவும், வண்டிக்குச் சட்டம் கேட்கிறதே என்று இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டதாகவும், மண்டிக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது ஆற்றில் போடும் பணமாகத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தாய். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியோர். இந்த விஷயத்தில் அளவுதான் சகலமும் என்பதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். நீ இந்தக் கடிதத்தைப் படித்தே கற்றுக்கொள்ளலாம்.

உயிருக்கு விலை கிடையாதாகையால், ஆயுள் இன்ஷூரன்ஸில் பேசிய தொகை பேசியபடி கிடைக்கிறது. பொருளுக்கு விலை உண்டு. எனவே இங்கே நஷ்டம் எவ்வளவோ அவ்வளவே ஈடு, அதுவும் பாலிசியில் எழுதிய தொகைக்கு உட்பட்டுத்தான். விபத்துக்கு முந்தைய நாள் நீ நின்ற இடத்தில் உன்னை மறுபடி நிறுத்துவது அதன் தர்மமேயன்றி, ஒரு படி மேலே ஏற்றிவிடுவது அன்று. ஆகவேதான், யாதொரு சம்பந்தமுமில்லாத அண்டை வீட்டாரின் வைக்கோற்போருக்கு நான் பாலிசி எடுக்க முடியாது. எடுத்தால் அது சூதாட்டம். ஆனால் குடியானவர்கள் உன்னை நம்பி மண்டியில் இறக்கிவைத்த மூட்டைகள் உன் உடைமையல்லவென்றாலும் உன் பொறுப்பு. பாலிசியில் அவற்றையும் தனியே குறிப்பிடச் சொல்.

இனி என் கதை. நான் வியாபாரம் செய்த நாளில், குடோனில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்க, பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தில் 5 லட்சத்துக்கே பாலிசி எடுத்திருந்தேன். ஓர் இரவு மின்கசிவால் தீப்பற்றி 4 லட்சத்துச் சரக்கு கரியாயிற்று. பாலிசித் தொகைக்குள்தானே நஷ்டம், முழுதும் வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். பாதிச் சரக்குக்குத்தான் நீர் பிரீமியம் கட்டினீர், மறுபாதிக்கு உமக்கு நீரே இன்ஷூரன்ஸ் கம்பெனி, ஆதலால் நஷ்டத்திலும் பாதி உம்முடையது என்று, நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கணக்குப் போட்டார். 4 லட்சம் 2 லட்சமாயிற்று. ஒவ்வொரு நஷ்டத்திலும் முதற்பங்காக நாமே தாங்கவேண்டிய 10,000 ரூபாயும் கழிந்து, 1,90,000 கைக்கு வந்தது. மூட்டைக்கு மூட்டை தராசில் நிறுத்து வாங்கிய நான், பாலிசியை மட்டும் குத்துமதிப்பாக எழுதியதன் பலன் அது. சர்வேயர் போட்ட அந்தக் கணக்குக்குச் சராசரி விதி என்று பெயர். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி, 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரை மதிப்புக் குறைந்தாலும் இந்த விதியைப் பிரயோகிப்பதில்லை. பாதிக்குப் பாதி குறைத்தவனை அதுவும் காப்பாற்றாது.

மதிப்பைப் போலவே நிலவரத்தையும் மறைக்காதே. பக்கத்துக் கடை பட்டாசுக் கடையா, மின்கம்பிகள் பழையனவா என்பதை உன் வாய்மொழியால்தான் கம்பெனி அறியும். ஏஜெண்ட் அவசரப்படுத்தினாலும் விண்ணப்பத்தில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்திடாதே. நஷ்டத்தின் காரணமும் முக்கியம். புயல் கூரையைப் பிய்த்து மழை உள்ளே புகுந்தால் அது விபத்து. நெடுநாள் ஒழுக்கில் சரக்கு பூசணம் பிடித்தால் அது அஜாக்கிரதை, ஈடு கிடையாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலை சரிந்து 7 உயிர்கள் போனதைக் கண்டபின், புயலும் வெள்ளமும் கடற்கரைக்காரர் கவலை என்று மலையடிவாரத்தில் இருக்கும் நாம் சொல்வதற்கில்லை. வெள்ளமும் மண்சரிவும் உன் பாலிசியில் அடங்குமா என்று வாசித்துப் பார்.

வண்டிக்கு வருகிறேன். முதல் தரப்பு நீ, இரண்டாம் தரப்பு கம்பெனி, சாலையில் போகிற அந்நியர் மூன்றாம் தரப்பு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அந்த மூன்றாம் தரப்பாருக்கான பாதுகாப்பையே. உன் வண்டி நொறுங்கினால் அதில் ஒரு காசும் வராது, அதற்கும் சேர்த்துப் பாலிசி எடுக்க வேண்டும். ஆடி மாதத்தில் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் சரக்கு வண்டியில் ஜனங்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நீ அறிவாய். 2022 ஏப்ரலில் நம் ஜவ்வாது மலையின் மேற்புறத்தில், புதூர்நாட்டை அடுத்த செம்பரையில், பக்தர்களோடு சென்ற சரக்கு வண்டி கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிகளுக்குக் கம்பெனி பொறுப்பாளியல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தாட்சணியத்துக்காக ஏற்றிக்கொண்டாயானால், அத்தனை குடும்பங்களின் துயரமும் உன் தலைமேல் விழும். உன் மண்டியையே விற்றாலும் ஈடு கட்ட முடியாது.

ஏதேனும் நேர்ந்தால் தாமதமின்றிக் கம்பெனிக்குத் தெரிவி. சர்வேயர் பார்க்கும்வரை கருகிய மூட்டையைக் கூட அப்புறப்படுத்தாதே. பிறர் பிழையால் நஷ்டம் வந்து கம்பெனி ஈடு கொடுத்தால், அவரிடம் வசூலிக்கும் உன் உரிமை கம்பெனியைச் சேரும். ஆகையால் கம்பெனியைக் கேளாமல் எவருக்கும் சமாதானப் பத்திரம் எழுதிக் கொடுக்காதே. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், சென்னையில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணமின்றி விசாரிப்பார்.

அடுத்த அறுவடைச் சரக்கு வந்து இறங்குவதற்குள், குடோன் நிறைந்திருக்கும் நாளின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கே பாலிசி எடு. இருப்புப் புத்தகத்தின் நகலை மண்டியில் வைக்காமல் வீட்டில் வை; என் புத்தகம் சரக்கோடு சேர்ந்து எரிந்துபோயிற்று.

இப்படிக்கு,
உன் மாமன்.