கல்லறைத் துணியை அவிழ்ப்பது யார்?

வேதபாடம்: யோவான் 11:38-44, யாக்கோபு 5:16



லாசருவை உயிரோடு எழுப்பினவர் ஆண்டவர். ஆனால் அவன் மேல் சுற்றியிருந்த துணிகளை அவிழ்க்கிற வேலையை அவர் பக்கத்தில் நின்றவர்களிடம் விட்டார். பைபிள் காலேஜில் இந்தப் பகுதியைப் படித்துப் பரீட்சை எழுதினேன். அர்த்தம் புரிந்ததோ ஒரு குடிகாரச் சகோதரன் மூலமாய்த்தான். அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு உபவாச ஜெபத்தில் அவர் அழுது மனந்திரும்பினார். "இனிமே தொடமாட்டேன் பாஸ்டர்" என்றார். அன்றைக்கே மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைத்தேன். மூன்றாம் நாள் இராத்திரி அவர் மனைவி ஓடி வந்தார்கள். கை கால் நடுக்கம், வேர்வை, சுவரெல்லாம் பூச்சி ஊருது என்கிறாராம். நான் பிசாசு என்று எண்ணி, நாலு பேரைக் கூட்டிக்கொண்டுபோய் விடியும்வரை சத்தமிட்டு ஜெபித்தேன். பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர்தான், "ஐயா, முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றார்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். நெடுங்காலம் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். என் வைராக்கியத்தால் அந்தச் சகோதரி விதவையாகியிருப்பார். இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் எழுதவேண்டும்.

அந்த வார்டுக்குத்தான் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அன்பர்கள் இரண்டு பேர் நோயாளிகளைப் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் நான் கற்ற பாடங்கள் இவை:

1. ஒரு டெலிபோன் அழைப்பில் துவங்கியது

1935 மே மாதம். அமெரிக்காவில் ஏக்ரன் பட்டணம். பில் என்கிற பங்குத் தரகர், சில மாதங்களாய்க் குடியை விட்டிருந்தவர், வியாபாரம் தோற்றுப்போய் ஹோட்டலில் தனியாய் நின்றார். ஒரு பக்கம் மதுக்கடை. மறுபக்கம் டெலிபோனும், ஊரிலுள்ள சபைகளின் பட்டியலும். அவர் ஒரு போதகரைக் கூப்பிட்டார். அந்தப் போதகர் கைகாட்டிய வழியாகவே, குடியில் சிக்கியிருந்த டாக்டர் பாப் என்கிற சர்ஜனைச் சந்தித்தார். அந்த இருவரின் உரையாடல்தான் ஏ.ஏ.வின் துவக்கம். 1957 முதல் இந்தியாவிலும் இருக்கிறது. போதகரே, உங்களிடம் ஒருவர் வந்து நின்றால் கைகாட்ட உங்களுக்கு இடம் தெரியுமா?

2. கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டாக்டர், பிறகு கூட்டம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ, குடிபோதை மறுவாழ்வு மையத்திலோ விசாரியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாய்ப் பேசலாம். பள்ளிக்கூட அறைகளிலும் ஆலய ஹால்களிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடப்பதுண்டு. முதல்நாள் தனியே அனுப்பாதீர்கள். வாசல்வரைக்குமாவது கூடப் போங்கள்.

3. உள்ளே என்ன நடக்கும்?

குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கட்டணம் கிடையாது, இஷ்டப்பட்டவர்கள் காணிக்கை போடுவார்கள். முதல் நாளில் பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்கு நாமும் போகலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியே உண்டு.

"அங்கே இயேசுவின் நாமத்தைச் சொல்லமாட்டார்களே?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அது சபையல்ல, எல்லா மதத்தாரும் வருகிற இடம். கால் முறிந்தால் கட்டுப்போடுகிற நர்ஸிடம் எந்தச் சபை என்று கேட்கிறோமா? ஆராதனைக்குச் சபை இருக்கிறது. அங்கே போவதால் விசுவாசம் குறையாது.

4. கேட்டதைச் சாட்சியாக்காதீர்கள்

அங்கே கண்டவரும் கேட்டதும் வெளியே வரக்கூடாது. நமக்கோ எதையும் மேடையில் சொல்லிப் பழக்கம்! ஆகவே நான் திறந்த கூட்டத்துக்குப் போய்க் கண்டதில் ஒன்று மட்டும் சொல்லுகிறேன். மறுபடி விழுந்தவன் அங்கே திரும்பிவர வெட்கப்படவில்லை. நம் சபையிலோ, விழுந்தவன் முதலில் நிறுத்துவது சபைக்கு வருவதைத்தான். யாக்கோபு சொன்ன அறிக்கையை நாம் பிரசங்கித்தோம்; அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் சகோதரனும் ஒருமுறை விழுந்தார். இரண்டு வாரம் என் கண்ணில் படவில்லை. ஆனால் மறுநாளே கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர்கள்தான், "உங்க பாஸ்டரையும் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார்கள். இன்று ஞாயிறுதோறும் குடும்பத்தோடு ஆராதனைக்கு வருகிறார். "எத்தனை வருஷமாச்சு பிரதர்?" என்று கேட்டால், "இன்னைக்குக் குடிக்கல பாஸ்டர்" என்பார். நான் இன்னும் அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை.

வீட்டுக் கூட்டத்தில் தியானிக்க:

அ) நம் தெருவில் குடியால் தவிக்கிற குடும்பம் எது? யார் போய்ப் பார்ப்பது?

ஆ) விழுந்தவர் திரும்பிவந்தால் நம் முகம் எப்படியிருக்கும்?

இ) நம் ஊரில் கூட்டம் நடக்கும் கிழமையை விசாரித்துவர யார் முன்வருகிறீர்கள்?

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.