கலைமான் வினாதலும் மானுக்குப் பிணை நிற்றலும்

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் செல்வோர் குறிஞ்சி நிலத்தை ஏட்டில் தேட வேண்டுவதில்லை. ஏலத்தோட்டங்களும் சோலைக்காடுகளும் புல்மேடுகளும் அடுத்தடுத்துக் கண்முன் விரிகின்றன. தென்மாவட்ட மக்கள் மிளா என வழங்கும் கடமானும், கேளையாடும், சருகுமானும் வாழும் மலைகள் இவை. இம்மலையடிவாரத்திலிருந்து வந்து நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், குறிஞ்சிப்பாட்டு வகுப்பில் ஓர் ஐயம் எழுப்பினார்.

"ஐயா, வில்லேந்தி வரும் தலைவன், தன்னிடமிருந்து தப்பிய விலங்கைக் கண்டீர்களா என்று தலைவியிடம் கேட்கிறான். வேட்டையைத் தவறவிட்டவனை வீரன் என்று கொள்வது எப்படி?" என்பது அவர் வினா. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

வில் வேட்டையின் இயல்பு

துப்பாக்கி தொலைவிலிருந்து கொல்லும். வில்லோ விலங்கின் அருகே செல்பவனுக்கே பயன்படும். மானின் மோப்பமும் செவியும் கூர்மையானவை. ஆகவே வேடன் முதலில் கற்க வேண்டியது காற்றின் போக்கு. பகலில் வெயிலேறிய மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி எழும். மாலை குளிர்ந்தபின் கீழ்நோக்கி இறங்கும். பகலில் மானுக்கு மேலேயும், அந்தியில் அதற்குக் கீழேயும் நிற்பவனின் வாடையே மானை எட்டாது. அசையாது நிற்றல், மூச்சடக்கல், நாணை இழுத்தபின்னும் தக்க நொடி வாராவிடின் அம்பைத் தொடாது விடுதல் ஆகியன இக்கலையின் உயிர்நிலைகள். வில்வேட்டையின் கவர்ச்சி கொலையில் அன்று, இவ்வடக்கத்திலேயே உள்ளது எனலாம்.

இன்னோர் உண்மையும் உண்டு. அம்பு குருதிக்குழாயை அறுத்தே கொல்வது. உரிய இடத்தில் தைத்த அம்பும் மானை உடனே வீழ்த்துவதில்லை. அது புதருக்குள் பாய்ந்து ஓடிய பின்னரே சாயும். எனவே எய்தவன் சற்றுப் பொறுத்துக் குருதித் துளிகளையும் குளம்படிகளையும் பார்த்துத் தொடர்ந்து செல்ல வேண்டும். எய்வது பாதி வேட்டை, தேடுவது மறுபாதி.

வில்லும் வண்மையும்

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் புகழ்கிறார். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்திப் புற்றிலிருந்த உடும்பிலும் சென்று தைத்ததாம். இஃது உயர்வு நவிற்சி. ஆனால் 150ஆம் பாடலில் அப்புலவரே காட்டும் கண்டீரக் கோப்பெருநள்ளி இதனினும் உயர்ந்து நிற்கிறான். மான்கூட்டத்தை வேட்டையாடிய குருதிக் கறையோடு வரும் அவன், பசித்த பாணர்க்குத் தானே தீமூட்டி ஊன் சுட்டு அளிக்கிறான். அணிகலனையும் ஈந்து, தன் பெயரைக் கூறாமலே செல்கிறான். வில்லாண்மைக்கு மதிப்பளிப்பது வண்மையே என்பது சங்கச் சான்றோர் துணிபு.

வினாவின் பொருள்

தப்பிய விலங்கைக் கேட்பது கோவை இலக்கியங்களில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் எனத் தனித்தனித் துறைகளாக வளர்ந்தது. தலைவியோடு உரையாடத் தலைவன் தேடிய சாக்கு அது என்றே நாமும் பல்லாண்டுகள் பாடம் சொல்லி வந்தோம். மாணவரின் வினா நம்மை மீண்டும் எண்ணச் செய்தது. அம்பு பட்ட விலங்கு ஓடுவது இயல்பு. அதைத் தேடி வருவதே வேட்டுவனின் கடமை. ஆகவே அச்சாக்கு எவரும் நம்பத்தக்கதாயிற்று. வினவுபவன் வேட்டையைத் தவறவிட்டவன் அல்லன். தன் அம்புக்குப் பொறுப்பேற்றவன்.

நபிமொழி காட்டும் நெறி

இதே பொறுப்பை அரபு நாட்டிலும் காண்கிறோம். வள்ளல் ஹாத்திம் தாயின் மகனார் அதீ (ரலி) அவர்கள், வேட்டை குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த செய்திகள் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளன. இறைவன் பெயர் கூறி எய்ய வேண்டும். அம்பு பட்டு மறைந்த விலங்கு ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் எய்தவன் அம்பின் தடம் மட்டுமே இருப்பின் உண்ணலாம். நீரில் வீழ்ந்து கிடப்பின் உண்ணலாகாது. இறப்பின் காரணத்தையே ஆராய்ந்து அறியும் நெறி இது. உயிருள்ளதைக் கட்டி வைத்து இலக்காக்கி எய்வதையும் அண்ணலார் தடுத்தார்கள். இஹ்ராம் நிலையில் உள்ளோர்க்குத் தரை விலங்கு வேட்டையைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் விலக்குகிறது. வில் கையிலிருந்தும் எய்யாதிருத்தல் வழிபாட்டின் ஒரு கூறாகவே ஆயிற்று.

பிணை நின்ற அண்ணல்

இந்நெறியின் சிகரத்தை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படல'மாகப் பாடினார். இம்மான் அம்பால் வீழ்ந்ததன்று; வேடனிடம் அகப்பட்டுக் கட்டுண்டது. தன் குட்டிக்குப் பாலூட்டி வர அது விடை வேண்ட, அண்ணலார் அதற்காகப் பிணை நிற்கிறார்கள். மானும் சொல் தவறாது மீள்கிறது. வேடன் மனம் மாறுகிறான்.

'பிணை' என்னும் சொல் இங்கு நோக்கத்தக்கது. பெண்மானுக்குப் பிணை என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. பிறர்க்காகப் பொறுப்பேற்பதும் பிணையே. வேட்டைக்குரிய உயிரின் பெயரும், அவ்வுயிரைக் காக்கும் பொறுப்பின் பெயரும் தமிழில் ஒன்றாய் அமைந்தது நமக்குப் பாடமாகிறது.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் மான் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. தேனி மாவட்டத்து மேகமலைக் காடுகள் 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. வில் இன்று விளையாட்டுத் திடலுக்கும் ஏட்டிற்கும் உரியது, அதுவே முறை.

எனினும் வேட்டை ஓயவில்லை. வினா எழுப்பிய மாணவர் சில நாள் கழித்து வந்து, தம் ஊரில் தோட்ட வேலியோரம் பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பியில் சினை மிளா ஒன்று மாண்டு கிடந்ததைக் கூறினார். "வைத்தவர் யாரென்று தெரியவில்லை ஐயா. எவரும் தேடி வரவும் இல்லை" என்றார். நாம் விடையிறுக்க இயலாது நின்றோம்.

நிறைவுரை

வில்லேந்தியவன் காற்றை அறிந்தான், காத்திருந்தான், எய்தபின் தேடி வந்தான். சுருக்குக்கம்பிக்கோ கண்ணும் இல்லை, பின்னால் வந்து வினவும் நாவும் இல்லை. குறிஞ்சி பயிலும் மாணவர்கள் தம் ஊர்ச்சரிவில் கம்பியைக் கண்டால் வாளா கடந்து செல்லலாகாது. பெரியோரிடமும் வனத்துறையினரிடமும் அதைத் தெரிவித்தல் வேண்டும். அதுவே இக்காலத்துக் கலைமான் வினாதல். அதுவே மானுக்குப் பிணை நிற்றலும் ஆகும்.